காட்டைக் காத்தவர்களும் காட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களும்

தென்னாபிரிக்காவின் வடகிழக்கு எல்லையோரமாகக் குரூகர் தேசிய பூங்கா நீண்டு கிடக்கிறது. இலங்கைத் தீவின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான இடம் அது. யானையும் சிங்கமும் காண்டாமிருகமும் பார்க்கவென உலகின் பல பாகங்களிலுமிருந்து மக்கள் அங்கு செல்கின்றனர். பூங்காவின் தலைமை முகாமுக்கு 'ஸ்குகூசா' என்று பெயர். இப்பெயரைச் சூட்டியவர்கள் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள். முதலில் அது ஓர் இடத்தின் பெயராக இருக்கவில்லை. ஒரு மனிதரின் பட்டப்பெயராகவே இருந்தது. 1902இல் அப்பகுதியின் விலங்குக் காப்பாளராக நியமிக்கப்பட்ட பிரித்தானிய இராணுவ அதிகாரி ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்ற்றன், ஒதுக்கிடத்துக்குள் இருந்த குடியிருப்புகளை அகற்றினார். 'துடைத்துப் பெருக்குபவர்' என்ற பொருளில் மக்கள் அவரை அவ்வாறு அழைத்தனர். துரத்தப்பட்டவர்கள் கசப்போடு வைத்த பெயர் இன்று உல்லாசப் பயணிகளுக்கான வரவேற்புப் பலகையில் நிற்கிறது.

இயற்கை வளப் பாதுகாப்பு என்றதும் மரம் நடுதல், மண்ணரிப்பைத் தடுத்தல், அருகிவரும் விலங்குகளைக் காத்தல் என்பனவே பேசப்படுகின்றன. இவை வேண்டியவைதாம். ஆயினும் மரத்தையும் விலங்கையும் கணக்கெடுப்பவர்கள் அங்கிருந்த மனிதரைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது உண்டு. ஆகவே ஆபிரிக்க நாடுகளின் பாதுகாப்பு முயற்சிகளைப் பற்றி எழுதும்போது, நாம் வேறொரு கேள்வியை முன்னே வைக்கின்றோம். நிலமும் மரமும் யாருக்கு உரியவை? அவற்றைப் பற்றிய முடிவை எடுப்பவர் யார்? சொந்தக் காணியை விட்டுவந்து, மற்றவர் காணியில் கொட்டில் போட்டு வாழும் எமது வாசகர்களுக்கு இக்கேள்வியின் கனத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

ஆளில்லாக் காடு

ஐரோப்பியர் வருமுன்னர் ஆபிரிக்காவில் மனிதரும் விலங்குகளும் ஒரே நிலத்தில் வாழ்ந்தனர். சண்டையின்றி வாழ்ந்தனர் என்று நாம் சொல்லவரவில்லை. யானை இறுங்குத் தோட்டத்தை மிதித்தது. மனிதன் மானைக் கொன்று தின்றான். ஆனால் விலங்கினங்கள் கூட்டங்கூட்டமாக மறைந்துபோன நிலை தென்னாபிரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டது. தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் வந்தவர்களின் துப்பாக்கி ஒரு காரணம். 1896-97இல் வளர்ப்பு மாடுகளையும் காட்டெருமைகளையும் வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய் மற்றொரு காரணம். எஞ்சியவற்றைக் காப்பதற்கென ஒதுக்கிடங்கள் அமைக்கப்பட்டன. அதன் பின்னர் வெள்ளையர் அனுமதிப்பத்திரத்துடன் சுட்டால் அது வேட்டை. ஊரவன் கறிக்காக ஒரு மானைப் பிடித்தால் அது களவு என்றாயிற்று.

குரூகர் தேசிய பூங்கா 1926இல் சட்டப்படி பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1913ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 வீதத்தை மாத்திரமே கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்திருந்தது. 1936இல் இது ஏறக்குறைய 13 வீதமாக உயர்த்தப்பட்டது. ஒரு கையால் கமக்காரரின் காணியை எடுத்த அரசு, மறு கையால் விலங்குக்கு வேலி போட்டது.

கிழக்காபிரிக்காவிலும் இதே போக்கைக் காண்கின்றோம். தன்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளி மசாய் மக்களின் மேய்ச்சல் தரை. புல்லுக்குக் காலம் பார்த்துத் தீ வைத்து, மந்தைகளை இடம் மாற்றி மேய்த்து அப்புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. செரெங்கெட்டி தேசிய பூங்கா 1951இல் அமைந்தது. 1959இல் மசாய் மக்கள் அதைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அதற்கு ஈடாக அயலிலுள்ள ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பிரதேசத்தில் விலங்குகளோடு சேர்ந்து வாழும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1975இல் அங்கு பயிர் செய்வது தடுக்கப்பட்டது. 1992இல் தடை நீக்கப்பட்டது. பின்னர் மீண்டும் தடை வந்தது. 2022 முதல் அக்குடும்பங்கள் ஏறக்குறைய 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ம்சொமேரா என்ற இடத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விரும்பியவர்களே செல்கின்றனர் என்பது அரசாங்கத்தின் கூற்று. பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் வரும் பணத்தைக் குறைத்துவிட்டு விருப்பத்தைக் கேட்பது எவ்வகை விருப்பம் என்று மக்கள் கேட்கின்றனர்.

ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டபோது, அதிலும் நல்ல தோட்டம் ஒன்றைப் பதிலாகத் தருவதாகத்தான் சொன்னான். நாபோத் மறுத்தது விலை போதாதென்று அல்ல. அது முன்னோர் விட்டுச்சென்ற உரிமை என்பதற்காகவே. இடமாற்றத் திட்டங்களைத் தயாரிப்பவர்கள், வேதாகமம் வாசிப்பவர்களாய் இருந்தாலும், இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் போலும்.

மக்குலேக்கே மக்கள்

குரூகர் பூங்காவின் வடகோடியில் லிம்போப்போ ஆறும் லுவுவு ஆறும் சேருகின்றன. தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, மொசாம்பிக் என்ற மூன்று நாடுகளின் எல்லைகளும் அவ்விடத்தில் சந்திக்கின்றன. பாஃபூரி என்பது அப்பகுதியின் பெயர். இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில், த்சொங்கா மொழி பேசும் மக்குலேக்கே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். ஆற்றங்கரை ஈரத்தில் இறுங்கும் சோளமும் பூசணியும் விதைத்தனர், மீன் பிடித்தனர், காட்டுப்பழம் பொறுக்கினர். எமது பனைக்கு உறவான ஒருவகைப் பனையிலிருந்து கள் இறக்கினர். மன்னாரில் நாம் பெருக்கமரம் என்று அழைக்கும் பருத்த அடிமரம் அங்கு காட்டு மரமாகவே நிற்கிறது.

1930களிலிருந்தே பூங்கா நிருவாகத்துக்கு இந்நிலத்தின் மீது கண் இருந்தது. மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். 1969இல் இனஒதுக்கல் அரசாங்கம் அவர்களை ஏற்றிச் சென்றது. ஏறக்குறைய 3,000 பேர். தங்கள் வீடுகளைத் தாங்களே கொளுத்தும்படி துப்பாக்கிமுனையில் கட்டாயப்படுத்தப்பட்டனர். இறக்கிவிடப்பட்ட இடம் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ந்தலவேனி. அங்கே ஆறு இல்லை, மீன் இல்லை. வெறும் மானாவாரி நிலம், பக்கத்தில் பூங்காவின் வேலி. நேற்றுவரை தம்முடையதாக இருந்த விலங்குகளையும் மரங்களையும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை ஏற்பட்டது.

இதைவிட ஆழமாகப் பாதித்த ஒன்றும் உண்டு. தமக்கெனத் தலைவரைக் கொண்டிருந்த இம்மக்கள், புதிய இடத்தில் ம்ஹிங்கா என்ற வேறொரு தலைவரின் அதிகாரத்துக்குக் கீழ் வைக்கப்பட்டனர். காணி பிரிக்கவும் வழக்குத் தீர்க்கவும் அவரிடமே போகவேண்டும். 'வந்தான் வரத்தான்' என்ற சொல்லைக் கேட்டு வாழ்வது எப்படி என்பது எமக்குத் தெரியும். மக்குலேக்கே மக்கள் அப்படி ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தனர். ஆயினும் மூன்று ஊர்களாக ஒன்றாகவே குடியிருந்தனர்; தம் தலைவரையும் கைவிடவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு இது பெரிதும் உதவியது என்று நாம் கருதுகின்றோம். சிதறிப்போன ஊர்கள் இதே உரிமையைக் கேட்டபோது, 'நீங்கள் யார்?' என்பதை நிறுவுவதற்கே காலம் போயிற்று.

உறுதி இல்லாதவரின் சாட்சி

1994இல் தென்னாபிரிக்காவில் எல்லா மக்களும் வாக்களித்துத் தெரிவுசெய்த அரசாங்கம் வந்தது. அதே ஆண்டில் காணி உரிமைகளை மீள அளிக்கும் சட்டமும் நிறைவேறியது. இச்சட்டத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயனுள்ளது.

1913 ஜூன் 19ஆந் திகதிக்குப் பின்னர் இனவாரியான சட்டங்களாலோ நடைமுறைகளாலோ காணி இழந்தவர்கள் இதன் கீழ் கோரிக்கை வைக்கலாம். கையில் உறுதி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழக்காற்று உரிமை, வாரத்துக்குச் செய்தவர் உரிமை, பறிக்கப்படுவதற்கு முன் தொடர்ச்சியாகப் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் அனுபவித்தவர் உரிமை என்பனவும் காணி உரிமையாகவே கொள்ளப்பட்டன. சாட்சியச் சட்டத்தின் கடுமையும் தளர்த்தப்பட்டது. செவிவழிச் செய்தியை நீதிமன்றங்கள் வழமையாக ஏற்பதில்லை. இங்கோ, காணி எவ்வாறு பறிபோனது என்பதைப் பற்றி முதியோர் தாம் கேட்டறிந்ததைச் சொன்னாலும் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. உறுதி எழுதும் வாய்ப்பே மறுக்கப்பட்ட மக்களிடம் உறுதியைக் கேட்பது நியாயமில்லை என்பதே இதன் அடிப்படை.

ஆனால் ஒரு காலக்கெடு இருந்தது: 1998 டிசெம்பர் 31. அதற்குள் ஏறக்குறைய 80,000 கோரிக்கைகள் பதிவாயின. அறியாமலோ அஞ்சியோ அன்றைக்குள் எழுதிக்கொடுக்காதவர்கள் வெளியே நின்றனர். 2014இல் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கோரிக்கைகளே தீராமல் கிடக்கப் புதியவற்றுக்கு வழிவிட்டதும், அச்சட்டம் வந்த முறையில் மக்களிடம் போதிய அளவு கருத்துக் கேட்கப்படாததும் கேள்விக்குள்ளாகி, 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. நல்ல சட்டமும் நாள் கடந்தால் கைகொடுப்பதில்லை.

மக்குலேக்கே மக்கள் காலக்கெடுவுக்கு நன்கு முன்னரே தங்கள் கோரிக்கையை வைத்தனர். வெளியிலிருந்து சட்டத்தரணிகள் சிலரும் நண்பர்களும் துணைநின்றனர். பூங்கா நிருவாகம் இலகுவில் இணங்கவில்லை. ஒரு பகுதியைக் கொடுத்தால் முழுப் பூங்காவும் துண்டு துண்டாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். நீண்ட பேச்சுவார்த்தையின் பின் 1998இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏறக்குறைய 24,000 ஹெக்டயர், அதாவது 60,000 ஏக்கர் அளவான நிலம் மக்குலேக்கே மக்களின் பொதுச் சொத்துரிமைச் சங்கத்தின் பெயரில் எழுதப்பட்டது.

திரும்பிப் போகாத மீட்பு

இங்குதான் வாசகர் பலரும் நின்று யோசிக்கக்கூடும். காணி திரும்பக் கிடைத்தது. மக்கள் திரும்பிப் போகவில்லை. நிலம் சங்கத்துக்குச் சொந்தம். ஆனால் 50 ஆண்டுகளுக்கு அது பாதுகாப்பு நிலமாகவே இருக்கும். அங்கே குடியேறவோ பயிர் செய்யவோ சுரங்கம் தோண்டவோ கூடாது. நிருவாகத்தைச் சங்கமும் பூங்காவும் சமமான பிரதிநிதித்துவத்தோடு அமைந்த கூட்டுச் சபை நடத்தும். உல்லாசப் பயண விடுதிகள் போன்ற வருமானம் தரும் தொழில்களை நடத்தவோ குத்தகைக்கு விடவோ உரிமை மக்குலேக்கே மக்களுக்கு.

இதை முழுமையான நீதி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இக்கட்டுப்பாடுகளை ஏற்காமல் அரசாங்கம் அந்த நிலத்தை விட்டிருக்கும் என்று நம்புவது கடினம். பிறந்த மண்ணில் கொட்டில் போட்டுச் சாகவேண்டும் என்று காத்திருந்த முதியவர்களுக்கு இவ்வுடன்பாடு எதைக் கொடுத்தது? மறுபுறம், இடையில் கழிந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ந்தலவேனியில் பாடசாலை வந்தது, வீதி வந்தது, பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து மணம் முடித்தனர். யானைக் கூட்டங்களுக்கு நடுவில், கடையும் மருத்துவமனையும் இல்லாத ஆற்றங்கரைக்கு எத்தனை குடும்பங்கள் போயிருக்கும்? இக்கேள்விக்கு வெளியில் இருப்பவர்கள் விடைசொல்வது முறையல்ல. 'உரிமை எமக்கு, அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பது எமது முடிவு' என்று சொல்லும் நிலைக்கு அம்மக்கள் வந்தனர் என்பதே எமக்கு முக்கியமாகப்படுகின்றது.

தொடக்க ஆண்டுகளில் குறைந்த எண்ணிக்கையில் யானையும் காட்டெருமையும் சுடுவதற்கு வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு அனுமதி விற்றுப் பணம் பெற்றனர். காட்டுயிர் ஆர்வலர் பலர் முகம் சுளித்தனர். பசித்திருப்பவர் தம் நிலத்து விலங்கிலிருந்து வருமானம் பெறுவதைப் பார்த்துச் சுளித்த இந்த முகங்கள், 1969இல் வீடுகள் எரிந்தபோது சுளித்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னர் விடுதிகள் வந்தன, வேட்டை நின்றது. ஊர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் விடுதிப் பணியாளர்களாகவும் வேலை பெற்றனர். சங்கத்துக்கு வந்த பணம் பாடசாலைகளுக்கும் மின்சாரத்துக்கும் போயிற்று. நிலமும் கெட்டுவிடவில்லை. அங்குள்ள ஈரநிலங்கள் 2007இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டன. மக்களிடம் கொடுத்தால் காடு அழியும் என்றவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஆயினும் விடுதி வருமானம் ஆற்றுநீர் போன்றது. 2013 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் அங்கிருந்த பெரிய விடுதி ஒன்றை அள்ளிச்சென்றது. வேலைகளும் அதனோடு போயின. 2020இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது பயணிகள் வருவதே நின்றுவிட்டது. ஒரே வருமானத்தில் தங்கியிருப்பதன் ஆபத்தை, மழையை மட்டும் நம்பி விதைக்கும் கமக்காரர் நன்கு அறிவர்.

பணம் வந்தால் அதனோடு கேள்விகளும் வரும். இவ்வாறான சங்கங்களில் யார் அங்கத்தவர்? 1969இல் வெளியேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல் என்றால், திருமணமாகி வந்த பெண்ணுக்கு வாக்குண்டா? நகரத்துக்கு வேலைக்குப் போனவனுக்குப் பங்குண்டா? பரம்பரைத் தலைவரின் சொல் எங்கே முடிகிறது, தெரிவுசெய்யப்பட்ட குழுவின் சொல் எங்கே தொடங்குகிறது? தென்னாபிரிக்காவில் காணி மீட்ட சங்கங்கள் பல, வழக்கை வென்ற பின்னர் இக்கேள்விகளில் முட்டிக்கொண்டு நின்றன. கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்காத சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. இதை அறிய ஆபிரிக்கா வரை போகவேண்டியதில்லை. எமது கிராம சங்கங்களின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களே போதும்.

மக்குலேக்கே பெற்றதை எல்லோரும் பெறவில்லை. குரூகர் பூங்காவின் நிலத்தைக் கோரிய ஏனைய சமூகங்களுக்குப் பூங்காவுக்குள் நிலம் தரப்படமாட்டாது, வேறு வகையான ஈடே வழங்கப்படும் என 2008இல் அரசாங்கம் தீர்மானித்தது. ஆற்றின் மறுகரையில், மொசாம்பிக்கில் 2001இல் லிம்போப்போ தேசிய பூங்கா அமைக்கப்பட்டபோது, அதற்குள் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரை வெளியே குடியமர்த்தும் திட்டம் தீட்டப்பட்டது. மூன்று நாடுகளின் காப்பிடங்களையும் ஒன்றிணைக்கும் ஒப்பந்தம் 2002இல் கைச்சாத்தானது. யானைகளுக்கு எல்லை திறந்தது. ஒரே மொழி பேசும் மக்களில் ஒரு கரையார் நிலத்தை மீட்க, மறு கரையார் நிலத்தை விட்டு எழும்ப நேர்ந்தது.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்க்காணிகள், அவர்கள் இல்லாத காலத்தில் காடு பற்றிப்போயின. அங்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளி ஊர்களை அண்டிய பகுதி 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்குக்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. திரும்பிவந்து பற்றையை வெட்டியவர்கள் காடழிப்போர் என்ற பழியையும் சுமக்கவேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணி, படம் வரைபவரின் கண்ணுக்குக் காடாகவே தெரியும். அதனுள்ளே மூடிக்கிடக்கும் கிணற்றுக்கட்டையும், குளத்தின் பெயரையும், மையவாடியையும் சொல்லக்கூடியவர்கள் ஊரவர்கள் மட்டுமே.

வயலில் நிற்கும் மரம்

இதுவரை பெருங்காடுகளைப் பற்றிச் சொன்னோம். கமக்காரரின் வயலில் நிற்கும் ஒற்றை மரத்துக்கும் உரிமைக் கேள்வி பொருந்தும். இதற்கு நாம் ஆபிரிக்காவின் மறுபுறத்துக்கு, சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள நைஜர் நாட்டுக்குச் செல்லவேண்டும். ஆண்டில் மூன்று நான்கு மாதமே மழை. கம்பும் இறுங்கும் முக்கிய பயிர்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் 1935இல் வந்த வனச்சட்டம் மரங்களை அரசின் காவலுக்குள் கொண்டுவந்தது. தன் வயலில் தானாக முளைத்த மரத்தின் கிளையை வெட்டவும் கமக்காரர் அனுமதி பெறவேண்டும், தவறினால் தண்டம். சுதந்திரத்தின் பின் 1974இல் வந்த சட்டமும் பெரிதும் அதே வழியில் சென்றது. மரத்தைக் காப்பதற்கென எழுதிய சட்டம் மரத்துக்கே எமனாயிற்று. மரம் வளர்ந்தால் அது அரசாங்கத்துக்கு. வளருமுன் பிடுங்கினால் வயல் எனக்கு. கமக்காரர் எதைச் செய்வார்? ஆண்டுதோறும் துளிர்களை வெட்டி எரித்தனர். 1968 முதல் 1973 வரை நீடித்த வரட்சியோடு மண் வெறுமையாகி, மணற்காற்று இளம் பயிர்களை மூடியது. வெளிநாட்டுப் பணத்தில் நடப்பட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின.

மராடி என்ற பிரதேசத்தில் கிறிஸ்தவ மிசன் ஒன்றின் பணியாளராக இருந்தவர் ரொனி றினோடோ என்ற அவுஸ்திரேலியக் கமத்தொழில் அறிஞர். கன்று நட்டு நட்டுத் தோற்றவர் அவர். 1983இல், வெளியெங்கும் பற்றையாகக் கிடப்பவை உண்மையில் பற்றைகள் அல்ல, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிர்கள் என்பதை உணர்ந்தார். வேர் ஆழத்தில் உயிரோடு இருக்கிறது. நடவேண்டியது ஒன்றுமில்லை, விடவேண்டியதுதான். வேம்பையும் பூவரசையும் தறித்துப் பார்த்த எவருக்கும் இது புதுமையல்ல. அங்குள்ள முதியோருக்கும் இது தெரிந்ததே.

செய்முறை எளியது. ஓர் அடிக்கட்டையிலிருந்து இருபது துளிர் வந்தால், நேரான மூன்று முதல் ஐந்தை விட்டு மற்றவற்றை வெட்டிவிடவேண்டும். விட்டவற்றின் பக்கக் கிளைகளைப் பாதி உயரம்வரை கழித்துவிடவேண்டும். அடுத்த ஆண்டு ஒரு தடியை விறகுக்கு எடுத்தால், வேறொரு துளிருக்கு இடம் கொடுக்கலாம். கூரிய கத்தி ஒன்று போதும். அங்கு 'காவோ' எனப்படும் மரத்துக்குக் கமக்காரர் தனி மதிப்புக் கொடுக்கின்றனர். எமது உடைமரத்துக்கு உறவான இம்முள்மரம் மழைக்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும். ஆதலால் பயிருக்கு நிழல் விழுவதில்லை. கோடையில் தழைத்து, மாட்டுக்கு நிழலும் நெற்றும் தரும். உதிர்ந்த இலை மண்ணுக்குப் பசளை.

1984இல் பஞ்சம் வந்தது. வேலைக்கு உணவு வழங்கிய திட்டத்தில், வயலில் துளிர்களை விட்டு வளர்ப்பதும் ஒரு நிபந்தனையாக்கப்பட்டது. உணவு நின்றதும் பலர் அவற்றை வெட்டிவிட்டனர். நிபந்தனைக்காக வளர்த்த மரம் அவ்வளவுதான். ஆனால் அவ்வேளை வன அதிகாரிகளும் பிடியைத் தளர்த்தியிருந்தனர். தண்டம் வராது என்பதைக் கண்டவர்கள், விட்ட மரத்தின் பயனையும் கண்டனர். விறகு விற்றுப் பஞ்ச காலத்தில் தானியம் வாங்கினர். அயலவர் பார்த்துச் செய்தனர். 1975ஆம் ஆண்டு வான்படங்களையும் 2000களின் நடுப்பகுதியில் எடுத்த செய்மதிப் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர், ஏறக்குறைய 50 இலட்சம் ஹெக்டயரில் மரங்கள் பெருகியிருப்பதைக் கண்டனர். இலங்கைத் தீவின் முக்கால் பங்குக்கு ஒப்பான பரப்பு அது. பெரும்பகுதி யாரும் கன்று நடாத நிலம். சட்டம் பின்னால் நடந்து வந்தது: 2004ஆம் ஆண்டு வனச்சட்டம் கமக்காரரின் மர உரிமைக்கு இடம்கொடுக்கத் தொடங்கியது, இம்முறையில் வளர்த்த மரங்களைப் பற்றிய தனி ஆணை 2020இல் வந்தது.

சிக்கல்கள் இல்லாமலில்லை. மரம் பெருகியதும் மரக்களவும் வந்தது. ஊர்கள் காவற்குழு அமைத்தன. கோடையில் மந்தையோடு வரும் ஃபுலானி இடையர், காலங்காலமாகக் குழை வெட்டிய மரம் இப்போது ஒருவரின் சொத்து என்பதைக் கேட்டுத் திகைத்தனர். அவர்களையும் குழுவில் அமர்த்திய ஊர்களில் சண்டை குறைந்தது. விட்ட ஊர்களில் மூண்டது. விறகு சுமந்தவர்கள் பெண்கள். அருகிலே விறகு கிடைத்ததால் அவர்களின் நடை குறைந்தது. ஆனால் மரம் காணிக்காரர் பெயரில் நிற்கிறது, காணி பெரும்பாலும் ஆண்களின் பெயரில் நிற்கிறது.

மேற்காபிரிக்காவின் பல பகுதிகளில் மரம் நடுவது காணிக்கு உரிமை கோருவதற்கு ஒப்பாகும். அதனால் இரவற் காணியில் இருப்பவரை மரம் நடக் காணிக்காரர் விடுவதில்லை. நாளை எழும்பச் சொன்னால் போகவேண்டிய நிலத்தில், நாளை மறுநாளுக்கான மரத்தை அவரும் நடமாட்டார். எமது வாசகரிலும் பலர் இந்த நிலையிலேயே இருக்கின்றனர். காணிக்காரரின் அச்சமும் பொய்யல்ல. இதற்கு நாம் சொல்லக்கூடிய வழி, புதிதாக நடுவதைப் பற்றியல்லாமல் ஏற்கெனவே நிற்கும் அடிக்கட்டைகளைப் பற்றி விதைப்புக்கு முன்னரே பேசிக்கொள்வது. அடிமரம் காணிக்காரருக்கு, கழிக்கும் கொப்பும் குழையும் நெற்றும் பராமரிப்பவருக்கு, காணியை விட்டுப் போகும்போது மரத்தை வெட்டுவதில்லை, அதைக் காட்டிக் காணியைக் கோருவதுமில்லை. இந்த நான்கு வரிகளையும் ஒரு கொப்பித்தாளில் எழுதி, இரு தரப்பினரும் சாட்சிகள் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்ளலாம். வீட்டுத்தலைவியின் கையொப்பமும் அதில் இருக்கட்டும்.